ஜெமிமாவின் ஒன்பது நிமிடம்

1

சென்ற மாதம் எங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்தது. என் பெயரும், இருபது ஆண்டு விசுவாசத்துக்கு நன்றி என்ற ஆங்கில வாசகமும் அதில் பொறித்திருந்தன. எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு கட்டுமான நிறுவனத்துக்குச் சொந்தமான ஐ.டி. வளாகத்தில் நான் பராமரிப்பு மேலாளர். லிஃப்ட் ஓடுகிறதா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, தண்ணீர் லாரி வந்ததா, கழிவறை நாறுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக மேடைக்கு நடந்தோம். நடக்கிறபோது பின்னணியில் ஒரு இசைத் துணுக்கு. இருபது விநாடி ஓடும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை எழுதியவள் என் மகள் ஜெமிமா. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அது தெரிந்த சிலரும் தெரியாததுபோல் இருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சிரித்துக்கொண்டே நடந்தேன். தலைவரின் கையைக் குலுக்கினேன். கேமராவைப் பார்த்தேன். கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் மதிப்பு வரும். எடுக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்று இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டேன். இரண்டாவதும் நன்றாகத்தான் இருந்தது. அந்த ருசி நாக்கில் இருக்கும்போதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அதனால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்துகிற இதழுக்கு எப்போதும் எழுதுகிற பெங்களூர் வானிலை, பெங்களூர் டிராஃபிக் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

2

குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் சில மணி நேரம்தான். இதைப் புலம்பெயர்வு என்று சொன்னால் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காவிரித் தண்ணீர் செய்தியில் வருகிற வாரங்களில் பஸ்ஸில் எஸ்தர் போன் பண்ணினால் நான் எடுப்பதில்லை. யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. எடுத்தால் தமிழில் பேசவேண்டியிருக்குமே என்று நானாகவே சட்டைப் பைக்குள் போனை அமுக்கிக்கொள்வேன். இருபத்தைந்து வருஷமாக இப்படி எதையாவது அமுக்கிக்கொண்டே இருந்துவிட்டேன்.

எஸ்தர் என் மனைவி. பிரேசர் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, வரிசைப்படி கூப்பிடுகிற வேலை. எங்கள் ஒரே மகள் ஜெமிமா இங்கேதான் பிறந்தாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், கீழ்வீட்டாரோடு உருது. நான்கிலும் சண்டை போடுவாள். ஆனால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதற்காக என்னை ஊரில் பலர் குறை சொன்னதுண்டு.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் விளக்குவதே ஒரு வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா கேட்டார்.

"பொண்ணு என்னா பண்ணுது?"

"பியானோ வாசிக்குது. கண்டக்டராவும் இருக்குது."

"கண்டக்டரா? கெவுருமெண்ட்டு வேலையா? எந்த டிப்போ?"

"அது இல்ல சித்தப்பா. ஆர்க்கெஸ்ட்ராவுல கண்டக்டர்."

"ஓ, ஆர்க்கெஸ்ட்ராவா! அப்ப நம்ம சீனு பொண்ணு கல்யாணத்துக்குச் சொல்லிடலாம். ரெண்டு பழைய பாட்டு பாடச் சொல்லு."

ஜெமிமா விழுந்து விழுந்து சிரித்தாள். ஐம்பது பேர் வயலினும் அதைவிடப் பெரிய செலோவும் புல்லாங்குழலுமாக உட்கார்ந்திருக்கையில், முன்னால் நின்று கையசைத்து எல்லோரையும் ஒரே மூச்சில் வாசிக்கவைப்பவர்தான் இந்தக் கண்டக்டர். மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள். சித்தப்பா தெரியாமல் கேட்டார். இங்கே தெரிந்தவர்கள் அவளிடம் கேட்டது அதைவிடக் கேவலம்.

எங்கள் சபையில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஆறு வயதில் அதன் முன் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஞாயிறு பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். அவள் கல்யாணமாகிக் கனடா போனதும், வாரம் ஒரு வகுப்பு, மீதி புத்தகமும் வீடியோவும். லண்டனிலிருந்து நடத்துகிற தேர்வுகளை ஒவ்வொரு படியாக எழுதி முடித்தாள். பதினாறு வயதில், கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பாடகர் குழுவை நடத்துகிறவர் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். நாற்பது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் பியானோவிலிருந்து எழுந்து முன்னால் போய் நின்றாள்.

"சின்னப் பொண்ணு கைய ஆட்டினா நாங்க பாடணுமா?" என்று சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"நீங்க நல்லாத்தான் பாடுறீங்க அங்கிள். ஆனா பக்கத்துல நிக்கிறவங்கள கேக்கறதே இல்ல. ஒருவாட்டி நீங்க பாடாம, கேட்டு மட்டும் பாருங்களேன்" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான்.

3

இருபத்தொரு வயதில், ஹங்கேரியில் கண்டக்டர்களுக்கு நடக்கிற ஒரு கோடைக்காலப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடியோ பார்த்து, உலகம் முழுவதிலிருந்தும் ஒரு கைப்பிடி ஆட்கள். வேண்டியது ஒரு பாஸ்போர்ட்.

பள்ளிச் சான்றிதழில் அவள் பெயர் "ஜெமிமா ஏ". ஆதாரில் "ஜெமிமா அருள்ராஜ்". கல்லூரி மதிப்பெண் பட்டியலில் "ஏ ஜெமிமா". மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு சேவை மையத்துக்குப் போனோம்.

"சர்நேம் ஏனு சார்?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

"சர்நேம் இல்ல சார். இனிஷியல். ஏ."

"ஏ அந்த்ரே ஏனு?"

"அருள்ராஜ். நன்ன ஹெசரு."

"அது நிம்ம ஹெசரு. அவர சர்நேம் ஏனு?"

ஏ என்றால் என்ன என்று கேட்டார், என் பெயர் என்றேன்; அது உங்கள் பெயர், அவளுடைய குடும்பப்பெயர் என்ன என்கிறார். அவர் கேட்டதில் தப்பில்லை. கட்டம் இருந்தால் நிரப்பத்தானே வேண்டும்? உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் என்று பட்டியல் கொடுத்தார். அலைய வேண்டியவன் நான்தான். ஆபீஸில் தணிக்கை நடந்தது, லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று மூன்று முறை தள்ளிப்போட்டேன். பாஸ்போர்ட் கையில் வந்தபோது ஹங்கேரியில் பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"நம்ம ஊர்ல பேப்பர் வேலைன்னா அவ்ளோதான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஜெமிமாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் மூன்று முறை தள்ளிப்போட்டது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அப்போதே கொஞ்சம் திருந்தியிருப்பேனோ என்னவோ.

4

அந்த வருஷம் முழுக்க ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தாள். ஒருநாள் நானும் எஸ்தரும் போய் ஓரமாக நின்று பார்த்தோம். எத்தனையோ மாதம் பழகிய ஒரு பெரிய படைப்பை அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பாதியில் ஒருவர் சாஸ் படிந்த விரலால் அவள் தோளைத் தட்டி, "பர்த்டே சாங்" என்றார். வாசித்தாள். இன்னொரு மேஜையிலிருந்தும் கேட்டார்கள். வாசித்தாள். அதே மாதம், ஒரு தமிழ் விழாக் குழுவினர் வீட்டுக்கே வந்து, "நம்ம பொண்ணு கீபோர்ட்ல ரெண்டு குத்துப் பாட்டு வாசிக்கட்டும், கூட்டம் சேரும்" என்றார்கள். ஹோட்டல்காரர்களாவது அவளை நம்ம பொண்ணு என்று சொல்லவில்லை.

அப்போதுதான் எங்கள் நிறுவனத் தலைவர் ஒரு கலை அறக்கட்டளை தொடங்கினார். இளைஞர்களுக்கான மேற்கத்திய இசைக் குழு. அதைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர் ரவிச்சந்திரன். சென்னைக்காரர், எப்போதும் இஸ்திரி கலையாத கதர் சட்டை. லிஃப்டில் என்னைப் பார்த்து, "சார், உங்க பொண்ணு பியானோவாமே? நம்மாளு ஒருத்தர் உள்ள இருந்தா எனக்கும் தெம்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷத்தில் மேல்தளத்து ஆள் ஒருவர் என்னிடம் லிஃப்ட் ரிப்பேரைத் தவிர வேறு விஷயம் பேசியது அதுவே முதல் முறை.

ஜெமிமா பியானோ வாசிக்கப் போனாள். இரண்டாம் வாரமே துணை கண்டக்டர். நடத்த வேண்டியவர் வரவே இல்லை. நான்கு மாதம் அந்தப் பிள்ளைகளைப் பழக்கியது இவள்தான். எங்கள் வளாகத்து கிளப் ஹவுஸில், சனி ஞாயிறுகளில். வயலினைத் தப்பாகப் பிடிக்கிறவனின் முழங்கையைத் திருத்துவாள். செலோ வாசிக்கிற பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்த எடத்துல நீ சத்தமா வாசிக்கறதே பயத்துல. மெதுவா வாசிக்க தைரியம் வேணும் கணே" என்று தமிழும் கன்னடமுமாகச் சொல்வாள். கூடவே அவர்களுக்காக ஒரு இசையும் எழுதினாள். ஒன்பது நிமிடம். பெயர் "இருபத்தேழு".

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. பதினான்கு வயதில் அவள் பள்ளி விட்டதும் அம்மாவின் கிளினிக்கில் போய் உட்காருவாள். எஸ்தர் டோக்கன் எண்ணை மூன்று மொழியில் கூப்பிடுவாள். ஒருநாள் மாலை, "இப்பத்தேளு... இருவத்தேழு... சத்தாயிஸ்" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடி மூன்று மொழியிலும் கூப்பிட்டாள். மூன்றாம் முறையும். பிறகு சரி என்று இருபத்தெட்டைக் கூப்பிட்டாள். கடைசியில் கூடம் காலியானபோது, ஜெமிமாவுக்கு எதிர் நாற்காலியில் ஒரு மனிதர் இன்னும் உட்கார்ந்திருந்தார், தலை சற்றே சாய்ந்து. கைக்குள் இருபத்தேழாம் டோக்கன். எப்போது உயிர் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த மொழிக்காரர் என்பதும் அவர் வீட்டார் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதை எங்களிடம் அவள் மறுபடி பேசியதே இல்லை. எட்டு வருஷம் கழித்து இசையாக எழுதினாள். வயலின்கள் கன்னடத்தில் கூப்பிடும், செலோக்கள் தமிழில், பியானோ உருதுவில். எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்த எண்ணின் ஏற்ற இறக்கம், என் மனைவியின் குரல், அப்படியே கேட்டது. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நான்கு தாளச் சுற்று நேரம், ஒரு சத்தமும் கிடையாது. அத்தனை பேரும் காத்திருப்பார்கள். பிறகு பியானோ மட்டும் மெல்ல அடுத்த எண்ணுக்குப் போகும்.

கிளப் ஹவுஸில் முதல் முறை கேட்டபோது எஸ்தர் எழுந்து வெளியே போய்விட்டாள்.

5

தலைவருக்கும் அது பிடித்துவிட்டது. ஹோசூர் ரோட்டில் கட்டி முடித்திருந்த புதிய அடுக்குமாடித் திறப்பு விழாவில் அதை வாசிக்கவேண்டும் என்றார். ரவிச்சந்திரன் ஆறு பக்கத் தாள் ஒன்றை என் மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு ஃபார்மாலிட்டி சார். பாப்பாகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. சாட்சிக் கையெழுத்து நீங்களே போட்டுடலாம்." கொஞ்சம் குனிந்து, "அப்புறம் உங்க சீனியர் மேனேஜர் விஷயம் மேல பேசிட்டு இருக்காங்க. நம்மாளுக்கு நாமதானே செய்யணும்" என்றார்.

வீட்டில் ஜெமிமா ஆறு பக்கத்தையும் படித்தாள். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. யார் இதையெல்லாம் படிக்கிறார்கள்?

"ப்பா, இதுல மூணாவது பாயின்ட் பாத்தீங்களா? மியூசிக் அவங்களோடது. பேரு மாத்தலாம், வெட்டலாம், என் பேரு போடணும்னு கூட இல்ல."

"எல்லா கம்பெனியிலயும் அப்படித்தாம்மா எழுதுவாங்க. அதுக்காக அப்படியே செய்வாங்களா? ரவி சார் நம்மாளு."

"அதான் பயமா இருக்கு."

"எத்தன நாளைக்கு ஓட்டல்ல பர்த்டே பாட்டு வாசிக்கப்போற? ஒரு நல்ல எடம் கெடைச்சிருக்கு. போடும்மா."

எஸ்தர் சமையலறையிலிருந்து, "அவளுக்கு வேணாம்னா விடுங்களேன்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெமிமா பேனாவை எடுத்தாள். "நீங்க சொல்றீங்கன்னுதான் போடறேன்" என்றாள். ஆறு பக்கத்திலும் போட்டாள். கடைசிப் பக்கத்தில் நான் சாட்சி. அன்று அவளிடம் பதவி உயர்வு பற்றி மூச்சு விடவில்லை. அவளுக்குச் சொல்லியிருந்தால் அது பேரம். சொல்லாமல் செய்தேன், அதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

6

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மும்பையிலிருந்து ஒரு கண்டக்டரை விமானத்தில் வரவழைத்தார்கள். ஜெமிமா இனி பியானோ மட்டும் வாசித்தால் போதும். இசைக்குக் கட்டடத்தின் பெயரை வைத்தார்கள். அதை இங்கே எழுதி அவர்களுக்கு விளம்பரம் தர எனக்கு மனமில்லை. நிகழ்ச்சிப் புத்தகத்தில் "கருத்தாக்கம்" என்று தலைவரின் மனைவி பெயர். "இசை" என்று அறக்கட்டளையின் பெயர். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "பியானோ: ஜெமினி ஏ". பெயரைக்கூடச் சரியாக அச்சடிக்கவில்லை.

வந்தவர் முதல் பயிற்சியிலேயே அந்த நான்கு சுற்று மௌனத்தை வெட்டினார். அங்கே நிறுத்தினால் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் முடிந்துவிட்டதென்று கைதட்டிவிடுவார்களாம். மூன்றாவது அழைப்பிலிருந்து நேராகக் கலகலப்பான முடிவுக்குப் பாய்ந்துவிடலாம் என்றார். ஜெமிமா எழுந்து, அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று சொன்னாளாம். அவர் கனிவாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சோகம். இது ஒரு சந்தோஷமான நாள், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாராம்.

என்னிடம் வந்து சொன்னாள். நான் ரவிச்சந்திரனிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

விழா மாலை ஆறு மணிக்கு. முன்வரிசையில் தலைவர், அமைச்சர் ஒருவர், வீடு வாங்கியவர்கள். நானும் எஸ்தரும் ஓரமாக எட்டாவது வரிசையில். இசை தொடங்கியது. வயலின்கள் கூப்பிட்டன, செலோக்கள் கூப்பிட்டன, பியானோ கூப்பிட்டது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. கண்டக்டர் கோலை உயர்த்தி, உற்சாகமாகக் கீழே இறக்கினார்.

யாரும் வாசிக்கவில்லை.

ஜெமிமா சாவிகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. முப்பது பிள்ளைகளும் வில்லைத் தூக்கியபடியே அவளைப் பார்த்தார்கள். பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை என்று பிறகு ஒரு செலோக்காரப் பெண் எஸ்தரிடம் சொன்னாள். நான்கு மாதம் அவளோடு மூச்சு விட்டுப் பழகியதில், அவள் கை இறங்கியதும் இவர்கள் கையும் நின்றுவிட்டது. கண்டக்டர் மறுபடி கோலை ஆட்டினார். காற்றில் ஆடியது. யாரோ இருமினார்கள். அமைச்சரின் ஆள் ஒருவர் கைதட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார். நான்கு சுற்றும் முழுதாக முடிந்த பிறகு ஜெமிமா கையைத் தூக்கி, அடுத்த எண்ணை மெல்ல வாசித்தாள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அவள் எழுதியபடியே முடித்தார்கள்.

எஸ்தர் இமைக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் தலைவரின் பிடரியை. அவர் கோபமாக இருக்கிறாரா என்று.

7

கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? நான் இங்க வேல பாக்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா. அதனாலதானே கையெழுத்து போட்டேன்."

"என்ன சொல்ற?"

"உங்க புரமோஷன் விஷயம் ரவி சார் அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, அப்பாவுக்கு வேணும்போல, போட்டுடலாம்னு போட்டேன்."

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும். மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

இரண்டு நாளில் ஜெமிமா அல்சூரில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். ரவிச்சந்திரன் போன் பண்ணினார். "நம்மாளுங்கறதால விஷயம் பெரிசாகாம பாத்துக்கிட்டேன் சார். பாப்பா இனி வரவேணாம். நீங்க கவலப்படாதீங்க." நான் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். என் மகளை வேலையை விட்டு நிறுத்தியவனுக்கு நன்றி சொன்னேன்.

இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் விளம்பரப் பிரிவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த இசையின் முடிவிலிருந்து இருபது விநாடி வெட்டியிருக்கிறார்கள். அதை வளாகத்தின் எல்லா லிஃப்டிலும் ஓடவிட வேண்டும். டெக்னீஷியனை அனுப்பியிருக்கலாம். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று தோன்றியது, நானே போனேன். பதினான்கு லிஃப்ட். ஒவ்வொன்றிலும் கூரைப் பலகையைக் கழற்றி, ஏற்றி, ஓடுகிறதா என்று சரிபார்த்து, மூடினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பதும் என் வேலைதான். அந்த நாற்றம் குளித்தால் போகும்.

பதவி உயர்வு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கேடயம்.

8

கேடயம் வாங்கி வந்த மறுநாள் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் தொடங்கினால் ஆபீஸ் பாஷை வந்துவிடுகிறது என்று தமிழிலேயே எழுதினேன். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெமிமா சனிக்கிழமை மதியங்களில் பயிற்சி நடத்துகிறாள் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். அறக்கட்டளையை விட்டு வந்த ஒன்பது பேர். போய் வாசலில் நின்றேன். இடைவேளையில் வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னப்பா, உடம்பு ஏதாவது சரியில்லயா?"

"இல்ல. இதப் படி."

விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். சத்தமாகத்தான் அவளுக்குப் படிக்கவரும். உள்ளே யாரோ வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் ம-க-ளு-க்கு... மகளுக்கு ஒரு அ-நீ-தி... அநீதி ந-ட-ந்-து... நடந்துவிட்டது." விரல் அங்கேயே நின்றது. "நடந்துருச்சா? தானா நடந்துச்சா?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"யாரு செஞ்சாங்கன்னு எழுதலயே. ரவி சார் பேரு இல்ல. சேர்மன் பேரு இல்ல." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "உங்க பேரு கையெழுத்துல மட்டும்தான் இருக்கு."

"மாத்தறேன்."

"எனக்காக மாத்தாதீங்கப்பா. இதனால எனக்கு ஒண்ணும் திரும்பி வராது. வக்கீல்கிட்ட கேட்டாச்சு. கையெழுத்து போட்டா போட்டதுதான். உங்களுக்கு வேணும்னா எழுதுங்க. இங்கிலீஷ்லயும் நீங்களே எழுதிக்குங்க, நான் திருத்தித் தர மாட்டேன்."

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பள்ளிக்கூட வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். "அந்த இசையை எழுதியவள் என் மகள் ஜெமிமா. அவள் மறுத்தாள். என் பதவி உயர்வுக்காக அவளைக் கையெழுத்துப் போடவைத்தது நான். அதைப் பேரமாகப் பயன்படுத்தியவர் ரவிச்சந்திரன். லிஃப்டில் ஏற்றியதும் நான்தான்." இவ்வளவுதான். எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலைவருக்கும், அறக்கட்டளைக்கும், அந்தக் குழுவில் வாசித்த முப்பது பிள்ளைகளுக்கும் அன்றைக்கே ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன். என் ஆங்கிலத்தில் பிழைகள் இருந்திருக்கும். இருக்கட்டும்.

ரவிச்சந்திரன் போனில் கூப்பிட்டார். "நம்மாளுங்களே இப்படிப் பண்ணலாமா சார்?" என்றார்.

"நான் உங்க ஆளு இல்ல" என்று வைத்துவிட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள். தலைவரிடமிருந்து பதில் இல்லை. ஒரு வாரத்தில் என்னை அத்திப்பள்ளிப் பக்கம், தூண்கள் மட்டுமே எழுந்திருக்கிற ஒரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பராமரிக்க அங்கே இன்னும் எதுவும் இல்லை. காலையில் போய்ச் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருகிறேன். பழைய வளாகத்தில் பதினான்கு லிஃப்டிலும் அந்த இருபது விநாடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெமிமா அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் புதிதாக வேறொன்று எழுதி முடித்துவிட்டாள். இப்போது குழுவில் பதினைந்து பேர். அடுத்த மாதம் பிரேசர் டவுனில் ஒரு சிறிய அரங்கில் முதல் நிகழ்ச்சி. அச்சடித்த தாளில் இசை, பியானோ, நடத்துபவர் என்று மூன்று இடத்திலும் அவள் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவின் கையில் ஒரு அழைப்பிதழைக் கொடுத்தாள். ஒருவருக்கு மட்டும்.

"அப்பா?" என்று கேட்டாளாம் எஸ்தர்.

"வரணும்னா டிக்கெட் வாங்கிட்டு வரட்டும்."

வாங்கினேன். கடைசி வரிசைதான் மீதி இருந்தது. அங்கிருந்து அவள் முதுகுதான் தெரியும் என்று டிக்கெட் கொடுத்த பெண் எச்சரித்தாள். கண்டக்டருடைய முதுகு எந்த வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.